நச்சுவாயு எதுவரை வரும்? செம்பூர் – மாஹுல் வட்டாரத்துக்கான கேள்வி பதில்

மும்பையின் செம்பூர், மாஹுல், ட்ராம்பே பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், ஓர் உரத் தொழிற்சாலை, ரசாயனக் கிடங்குகள் எல்லாம் குடியிருப்புகளோடு தோளுரசி நிற்கின்றன. சேடா நகர் முருகன் கோயில் தொடங்கி சீத்தா கேம்ப் வரை தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த வட்டாரம் இது. ஆலை விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டமோ அவசரகால ஒத்திகையோ நடக்கும்போது திரையில் ஒரு வரைபடம் வரும். ஆலையைச் சுற்றிச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் கோடுகள் இருக்கும். இடர் மதிப்பீடு என் தொழில் என்பதால், கூட்டம் முடிந்ததும் நம்மவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை.

அந்தக் கோடுகள் என்ன சொல்கின்றன?

இன்ன தொட்டியில், இன்ன அளவு ஓட்டை விழுந்து, இன்ன காற்று வீசினால், வாயுவின் செறிவு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும் இடம் எதுவரை என்று சொல்கின்றன. அந்த மூன்று ‘இன்ன’வும் யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்தவை. கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர். அதற்குப் பின்னால் இருக்கும் ஐயப்பாடு பல நூறு மீட்டர்.

அப்படியானால் 850 மீட்டர் என்று அறிக்கையில் போட்டிருப்பது பொய்யா?

பொய் இல்லை. கணினி அந்த எண்ணைத்தான் தந்திருக்கும். ‘அநேகமாக 500 முதல் 1,500 மீட்டருக்குள்’ என்று எழுதியிருந்தால் அதை நேர்மையான விடை என்பேன். அப்படி எழுதினால் கூட்டத்தில் கேள்வி வரும் என்று பயந்து பலர் எழுதுவதில்லை. எனக்கு நேர்மாறான அனுபவம். வரம்பைச் சொன்னால் மக்கள் புரிந்துகொள்கிறார்கள். ஒற்றை எண்ணைச் சொன்னால்தான், 860-ஆவது மீட்டரில் வீடு உள்ளவர் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்.

ஐயப்பாடு முக்கியமாக எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் கசிவின் அளவிலிருந்து. சூத்திரத்தைப் பற்றி மணிக்கணக்காக வாதாடுவோம். ஆனால் வினாடிக்கு எத்தனை கிலோ வெளியே வருகிறது என்ற எண்ணை ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

குளோரினை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர் சுத்திகரிக்கும் இடங்களில் 900 கிலோ பிடிக்கும் உருளைகள் கிடையாகக் கிடக்கும். தொழிலில் அதற்கு ‘டன்னர்’ என்று பெயர். அதன் ஒரு முனையில் இரண்டு வால்வுகள் உண்டு. அவை ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்படி டன்னரை வைத்தால், மேல் வால்வில் வாயு வரும், கீழ் வால்வில் திரவம் வரும். திரவக் குளோரின் ஆவியானால் ஏறத்தாழ 460 மடங்கு விரியும். ஆகவே ஒரே அளவு ஓட்டையில், திரவமாகக் கசிந்தால் வாயுவாகக் கசிவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் குளோரின் வெளியேறும். பயிற்சி பெற்றவர்கள் முதலில் செய்வது டன்னரை உருட்டி ஓட்டையை மேல்பக்கம் கொண்டுவருவதுதான். அவர்கள் சரியான நேரத்தில் அங்கே இருப்பார்களா என்ற ஒரே கேள்வியில் கணக்கின் முதல் எண் பத்து மடங்கு மாறிவிடுகிறது.

அது தூரத்தை எவ்வளவு மாற்றும்? தொடர்ந்து கசியும் வாயுவின் செறிவு, தூரம் கூடக்கூட ஏறத்தாழ தூரத்தின் 1.5 முதல் 2-ஆவது அடுக்கு வேகத்தில் குறைகிறது. கசிவு இரண்டு மடங்கானால் ஆபத்துத் தூரம் 1.4 முதல் 1.6 மடங்காகும். பத்து மடங்கானால் மூன்று முதல் நாலரை மடங்கு வரை போகும். அதாவது 500 மீட்டர் என்பது இரண்டு கிலோமீட்டரைத் தாண்டலாம். நல்ல அறிக்கை இந்த இரண்டு நிலைகளையும் தனித்தனியாகக் காட்டும்.

காற்று? இங்கேதான் கடற்காற்று எப்போதும் வீசுகிறதே.

எப்போதும் இல்லை. பகலில் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் கடற்காற்று வரும். குளிர்கால இரவுகளில் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மெல்லிய நிலக்காற்று. மழைக்காலத்தில் தென்மேற்கிலிருந்து பலத்த காற்று. ஒன்று ஓய்ந்து மற்றொன்று தொடங்கும் வேளையில் காற்று எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தயங்கி நிற்கும். கணக்குக்கு அதுதான் மிகக் கஷ்டமான நேரம். செறிவு காற்றின் வேகத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதால், வேகம் பூஜ்யத்தை நெருங்கினால் சாதாரணச் சூத்திரம் அர்த்தமற்ற எண்ணைத் தரும்.

திசை இன்னும் மோசம். தெளிந்த இரவு, மெல்லிய காற்று என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி வாயுப் பட்டையின் அகலம் ஏறத்தாழ 150 மீட்டர்தான் இருக்கும். காற்றின் திசையைக் கணிப்பதில் பத்து டிகிரி பிழை வந்தால் அந்தத் தூரத்தில் பட்டை 175 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். நீங்கள் குறித்த தெருவில் ஒன்றுமே இருக்காது, அடுத்த தெரு மூச்சுத் திணறும். பத்து டிகிரிப் பிழை அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். வானிலைத் துறையின் நிலையங்கள் சாந்தாகுரூஸிலும் கொலாபாவிலும் இருக்கின்றன. மாஹுலிலிருந்து சாந்தாகுரூஸ் பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாது. நடுவில் நகரம், பக்கத்தில் சுமார் 300 மீட்டர் உயர ட்ராம்பே மலை. மலை காற்றை வளைக்கும். அதன் அடிவாரத்துச் சந்துக்கு சாந்தாகுரூஸ் விமான நிலையத்துக் காற்றைப் பொருத்துவது நம்பிக்கையின் பேரில் நடக்கும் வேலை.

‘எஃப் வகுப்பு, டி வகுப்பு’ என்று அறிக்கையில் வருகிறதே, அது என்ன?

காற்றடுக்கு எவ்வளவு கலங்குகிறது என்பதற்கான வகைப்பாடு. பிரிட்டன் வானிலையாளர் பாஸ்குவில் 1961-இல் முன்வைத்தது. ‘ஏ’ என்றால் கொளுத்தும் வெயிலில் நன்றாகக் கலங்கும் காற்று. ‘டி’ நடுநிலை. ‘எஃப்’ என்றால் தெளிந்த இரவில் அசையாமல் படுத்திருக்கும் காற்று. வினாடிக்கு ஐந்து மீட்டர் காற்றுடன் ‘டி’யையும், இரண்டு மீட்டர் காற்றுடன் ‘எஃப்’பையும் ஒப்பிட்டால், ஒரே கசிவுக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் செறிவு ஏறத்தாழ 15 மடங்கு வேறுபடுகிறது. போபால் வாயு வெளியேறியது 1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி. விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அன்று ஸ்டைரீன் வெளியேறியது விடியலுக்கு முன். பகல் நிலையை மட்டும் காட்டும் அறிக்கையை வாங்கி ஓரமாக வைத்துவிடலாம்.

இதற்கான மென்பொருள்கள் நம்பகமானவைதானா?

வேலைக்கேற்ற கருவிகள். உதாரணமாக ‘அலோஹா’ என்ற அமெரிக்க அரசின் இலவச மென்பொருள் இங்கேயும் பரவலாகப் பயன்படுகிறது. அது பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலும் ஒரு மணி நேரத்துக்கு மேலும் கணிப்பதில்லை. வினாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைவான காற்றை ஏற்பதில்லை. தரை சமதளம் என்றே எடுத்துக்கொள்ளும். இந்த எல்லைகளை அதன் கையேடே வெளிப்படையாகச் சொல்கிறது. அதில் எனக்குப் பிடித்த ஒன்று, வாயுப் பட்டையின் இருபக்கமும் அது வரையும் புள்ளிக்கோடுகள். காற்றின் திசை அலைந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நேரம் வாயு அந்தக் கோடுகளுக்குள் இருக்கும் என்று பொருள். அறிக்கை தயாரிப்பவர்கள் பலர், படம் அழகாக இருக்கட்டும் என்று அந்தக் கோடுகளை அழித்துவிடுகிறார்கள்!

கனமான வாயு, லேசான வாயு என்று பார்த்தாலே போதாதா?

போதாது. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு தவழும், பள்ளத்தில் தேங்கும். அம்மோனியா லேசானது, உயரே போய்விடும் என்று பள்ளிப் பாடம் சொல்கிறது. ஆனால் அழுத்தத்தில் திரவமாக வைத்திருந்த அம்மோனியா பீறிட்டு வந்தால், குளிர்ந்த நுண்துளிகளோடு சேர்ந்து கனமான மேகமாகத் தரையிலேயே நகரும். தென்னாப்பிரிக்காவின் பாட்செஃப்ஸ்ட்ரூமில் 1973 ஜூலையில் 38 டன் அம்மோனியா வெளியேறி 18 பேர் இறந்தார்கள். எந்த நிலையில் சேமித்திருக்கிறார்கள் என்று தெரியாமல், வாயு எப்படிப் பரவும் என்று கணக்கிடும் மாதிரியை (மாடல்) தேர்ந்தெடுக்க முடியாது.

ஒரு மாதிரி சரி என்று எப்படிச் சோதிக்கிறார்கள்?

வெட்டவெளியில் வாயுவை அளந்து விட்டுப் பார்க்கிறார்கள். 1956-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளியில் கந்தக டையாக்ஸைடை வெளியிட்டு, 50 மீட்டர் முதல் 800 மீட்டர் வரை வில் வில்லாக அளவீட்டுக் கருவிகளை நட்டார்கள். ‘ப்ரெய்ரி கிராஸ்’ என்ற அந்தச் சோதனையை வைத்து இன்றும் மாதிரிகளை உரசிப் பார்க்கிறோம். கனமான வாயுவுக்கு, யூட்டா பாலைவனத்தில் 2015, 2016-இல் நடந்த ‘ஜாக் ராபிட்’ இரண்டாம் கட்டச் சோதனைகள் உண்டு. டன் கணக்கில் குளோரினைத் திறந்துவிட்டார்கள். முதல் ஆண்டில் கப்பல் கன்டெய்னர்களை வரிசையாக அடுக்கி ஒரு போலி நகரமே அமைத்தார்கள்.

தேர்ச்சி மதிப்பெண் என்ன தெரியுமா? கணித்த செறிவுகளில் குறைந்தது பாதி, அளந்த செறிவின் இரண்டு மடங்குக்கும் அரை மடங்குக்கும் இடையில் இருக்க வேண்டும். கணிப்பு சராசரியாகக் கூடுதல் பக்கமோ குறைவுப் பக்கமோ சாய்வது முப்பது சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆய்வாளர்கள் சாங், ஹன்னா 2004-இல் தொகுத்த அளவுகோல் இது. நகரச் சோதனைகளுக்கு இன்னும் தளர்த்திக்கொள்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு வில்லில் கிடைத்த உச்சச் செறிவைக் கணித்த உச்சத்தோடு ஒப்பிடுகிறார்கள். அந்த உச்சம் எந்த இடத்தில் விழுந்தது என்று கேட்பதில்லை. இடத்தையும் நேரத்தையும் சேர்த்து ஒப்பிட்டால், மேலே சொன்ன திசைப் பிழையால் நல்ல மாதிரியும் தோற்றுவிடும். ஆகவே ‘சோதித்துச் சரிபார்க்கப்பட்ட மாதிரி’ என்று அறிக்கை சொன்னால், எவ்வளவு தூரம் என்பதற்குச் சரிபார்த்திருக்கிறார்கள், எந்தத் தெரு என்பதற்கு அல்ல என்று படித்துக்கொள்ளுங்கள். புல்வெளியும் பாலைவனமும் சீத்தா கேம்பின் சந்துகள் ஆகா என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நாலைந்து மாதிரிகள் ஒரே விடையைத் தந்தால் நம்பலாமா?

அவ்வளவு சீக்கிரம் வேண்டாம். ஒரே தரவில் வளர்ந்த மாதிரிகள் ஒரே மாதிரிதான் தவறும். 2005 ஜனவரி 6 அன்று அமெரிக்காவின் கிரானிட்வில் ஊரில் ரயில் மோதி குளோரின் டாங்கர் உடைந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அதையும் வேறு இரண்டு ரயில் டாங்கர் விபத்துகளையும் எடுத்து, பரவலாகப் புழங்கும் ஆறு மாதிரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஆறும் தங்களுக்குள் ஓரளவு ஒத்துப்போயின. ஆனால் அந்தக் கணிப்பின்படி நேர்ந்திருக்க வேண்டிய பாதிப்பு, உண்மையில் நேர்ந்ததைவிட மிக அதிகம். குளோரின் மண்ணோடும் செடிகொடிகளோடும் வினைபுரிந்து குறைந்ததா, மக்கள் வீட்டுக்குள் இருந்ததா, கசிவு வீதத்தையே மிகையாக எடுத்தோமா என்று காரணங்கள் அலசப்பட்டன. ஜாக் ராபிட் சோதனைகளுக்கு அந்த இடைவெளியும் ஒரு தூண்டுதல்.

மான்டி கார்லோ முறையில் செய்திருக்கிறோம் என்று சொல்கிறார்களே?

உள்ளீடுகளை ஓர் எல்லைக்குள் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, விடைகள் எப்படிச் சிதறுகின்றன என்று பார்க்கும் முறை. நல்ல முறைதான், எல்லைகளை ஒழுங்காக வைத்திருந்தால். கசிவு வீதத்துக்குக் கூட்டியோ குறைத்தோ பத்து சதவீதம் என்று வைத்திருந்தால், டன்னர் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் பாருங்கள். காற்று வேகத்தையும் நிலைத்தன்மை வகுப்பையும் (மேலே சொன்ன ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை) தனித்தனியாகக் குலுக்கி எடுத்திருப்பார்கள். அப்போது எட்டு மீட்டர் காற்றில் ‘எஃப்’ வகுப்பு என்ற, பூமியில் நடக்காத இரவுகளும் கணக்கில் சேர்ந்துவிடும்.

எத்தனை முறை ஓட்டினாலும் தீராத ஒரு பகுதியும் உண்டு. மாதிரி சொல்வது பல நிமிடங்களின் சராசரி. நிஜமான வாயு கொத்துக் கொத்தாக வரும். சில வினாடிகளுக்குச் சராசரியைப் போலப் பல மடங்கு ஏறும், பிறகு ஒன்றுமே இருக்காது. அது காற்றின் இயல்பு. எவ்வளவு தரவு சேர்த்தாலும் அது குறையாது.

செறிவு தெரிந்துவிட்டால் பாதிப்பு தெரிந்துவிடும் அல்லவா?

அங்கேயும் ஒரு வரம்பு நிற்கிறது. அமெரிக்க அவசரகால வழிகாட்டி அளவுகளின்படி, குளோரினில் ஒரு மணி நேரம் இருப்பவருக்கு 2 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் இரண்டு பங்கு) கடுமையான பாதிப்பின் தொடக்கம், 20 பிபிஎம் உயிராபத்தின் தொடக்கம். வரைபடத்தில் எந்த எண்ணுக்குக் கோடு போட்டார்கள் என்பதைப் பொறுத்துச் சிவப்பு வட்டம் சுருங்கும், விரியும். ‘அபாயப் பகுதி’ என்று மட்டும் எழுதி எண்ணை விட்டுவிட்டால் அந்தப் படத்துக்குப் பொருளே இல்லை.

நச்சு ஏறும் கணக்கு நேர்கோட்டில் போவதும் இல்லை. செறிவை ஓர் அடுக்குக்கு உயர்த்தி நேரத்தால் பெருக்குகிறார்கள். குளோரினுக்கு அந்த அடுக்கைச் சிலர் 2 என்கிறார்கள், சிலர் 2.75 என்கிறார்கள். செறிவு இரண்டு மடங்கானால் நச்சுச் சுமை முதலாமவர் கணக்கில் நான்கு மடங்கு, இரண்டாமவர் கணக்கில் ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவு. குழந்தைகள், முதியவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தக் கணக்குகளுக்குள் சரியாக அடங்குவதில்லை.

பேசாமல் மிக மோசமான நிலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே?

திட்டமிட அது வேண்டும். ஆனால் அது மட்டும் இருந்தால் வட்டம் பாதி கிழக்கு மும்பையை விழுங்கிவிடும். எல்லாரையும் ஒரே நேரத்தில் சாலையில் இறக்கினால் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் வாயுவைவிட நெரிசல் முந்தும். மோசமான நிலை, நடக்க வாய்ப்புள்ள நிலை இரண்டும் எதிரெதிரே இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பட்டியலிலேயே இல்லாத விபத்து. 2010 ஜூலை 14 அன்று சிவ்ரியில் துறைமுகத்தின் சரக்குக் கிடங்கில், யாரும் எடுத்துப் போகாமல் பல ஆண்டுகளாகக் கிடந்த உருளையிலிருந்து குளோரின் கசிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். விசாகப்பட்டினத்து ஸ்டைரீன் 145 டிகிரியில் கொதிக்கும் திரவம். தொட்டிக்குள்ளேயே வினை தொடங்கிச் சூடேறி அது ஆவியாக ஊருக்குள் வந்து பன்னிரண்டு பேரைக் கொன்றது. எந்த மான்டி கார்லோவும் நீங்கள் எழுதாத விபத்தை ஓட்டிப் பார்க்காது.

வாசனை வந்தால் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிக் கணக்கிடலாமா?

கொள்கையளவில் முடியும். நடைமுறையில், 2019 செப்டம்பரிலும் 2020 ஜூன் 6 இரவிலும் செம்பூர், காட்கோபர், பவாய் என்று வாசனை பரவியபோது புகார்கள் குவிந்தும், எந்த இடத்திலிருந்து என்று அந்த இரவே சொல்ல முடியவில்லை. பின்னோக்கிப் போகும்போது ஐயப்பாடு பெருகும். நாலு மூலங்கள் அருகருகே இருந்தால் எல்லாமே பொருந்தும். நிலையான அளவீட்டுக் கருவிகளின் வலை இருந்தால் வழி பிறக்கும். மூக்கு நேரத்தைக் குறித்துவைப்பதில்லை. எனவே வாசனை வந்தால் எத்தனை மணி, எந்தத் தெரு, காற்று எந்தப் பக்கம் என்று எழுதிவையுங்கள். அது எங்களுக்குத் தரவு.

வீட்டுக்குள் இருப்பதா, வெளியேறுவதா?

மேகம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதில்தான் எல்லாம். ஓரளவு இறுக்கமான வீட்டில் மணிக்கு ஒரு முறை காற்று மாறும் என்று வைத்தால், கால் மணி நேர மேகத்துக்கு உள்ளே செறிவு வெளியே உள்ளதில் 22 சதவீதத்தை எட்டும். ஒரு மணி நேரம் நின்றால் 63 சதவீதம். சாளரம் சரியாகப் பொருந்தாத, எக்ஸாஸ்ட் ஃபேன் துளை திறந்த வீட்டில் மணிக்கு மூன்று முறை காற்று மாறினால் அதே எண்கள் 53, 95 ஆகும். ஆகவே குறுகிய கசிவுக்குக் கதவடைத்து, ஈரத்துணியால் இடுக்குகளை அடைத்து, குளோரினாக இருந்தால் மேல்தளத்துக்குப் போவது நல்லது. மேகம் கடந்ததும் உடனே திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தங்கியதைச் சுவாசித்துக்கொண்டிருப்பீர்கள். நீண்ட நேரக் கசிவு என்று அதிகாரிகள் சொன்னால், காற்றுக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். பட்டை ஒடுக்கமானது என்று மேலே சொன்னது இங்கே உதவும். காற்று போகும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும்.

கூட்டத்தில் என்ன கேட்பது?

எந்த அளவு ஓட்டை, திரவமா வாயுவா, யார் எத்தனை நிமிடத்தில் அடைப்பதாகக் கணக்கு? காற்றுத் தரவு எந்த நிலையத்தினுடையது? இரவு நிலை எங்கே? கோடு எத்தனை பிபிஎம்முக்கு? உள்ளீடுகளில் எதை மாற்றினால் தூரம் மிக அதிகமாக மாறுகிறது? கடைசிக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்பவர் கணக்கைத் தானே போட்டவர்.

இந்த அறிக்கைகளை நாம் பார்க்க முடியுமா?

முடியும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாநகராட்சி போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். அபாயகர ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளில் 15-ஆவது விதி, பெரும் விபத்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு ஆபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியதையும் ஆலை நடத்துபவரே தெரிவிக்க வேண்டும் என்கிறது. சுருக்கம் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் இருக்கும், தமிழில் எதிர்பார்க்க வேண்டாம். சுருக்கத்தில் வண்ணப்படம் மட்டும் இருக்கும். முழு அறிக்கையில் இடர் மதிப்பீட்டு அத்தியாயத்தைத் திறந்து, உள்ளீடுகளின் அட்டவணையைத் தேடுங்கள். அது இல்லையென்றால், இல்லை என்பதையே எழுத்தில் ஆட்சேபமாகக் கொடுங்கள். எழுத்தில் கொடுத்ததற்குப் பதில் தர வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு.